ஒளிக்கம்பிக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் எனக்குக் கிடைத்த வேலையை அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு சொல்லி மாளாது. எங்கள் நிறுவனம் கண்ணாடி இழைக் கம்பி வழியாக இணைய இணைப்பை மொத்தமாக விற்றது. வீடுகளுக்கு அல்ல, வீடுகளுக்கு விற்கிற சின்ன நிறுவனங்களுக்கு. "பாசார் போரோங் மாதிரிம்மா. நாங்க மூட்டையா விப்போம், அவங்க கிலோவா விப்பாங்க," என்று மொத்தச் சந்தையை உதாரணம் காட்டினேன். அம்மா எங்கள் ஊரான கிள்ளான் முழுக்க, மகளுக்கு வெங்காய மண்டியில் வேலை என்று சொல்லி வைத்தார்.

அந்த வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரக் கடிதம் மேலாளரின் இழுப்பறையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வரும் முதல் பெரிய வாடிக்கையாளருக்கு இணைப்பைச் சோதித்துக் காட்டிவிட்டால் கையெழுத்து, இல்லையென்றால் வீடு. இதை அவர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

மேலாளர் யாழ்ப்பாணத் தமிழர். அரசாங்க உத்தியோகத்தில் செப்புக் கம்பிகளோடு காலம் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு எங்களிடம் வந்தவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்தவர் இல்லை. ஆனால் அலுவலகத்தில் விஞ்ஞானம் தவிர வேறு பேச்சு கூடாது.

சோதனைக்கு முதல் நாள் ஆயுத பூஜை. ரோட்டில் நிற்கிற லோரிக்கெல்லாம் பொட்டு இருக்கும்போது எங்கள் கருவிகள் மட்டும் என்ன பாவம் செய்தன? கிள்ளானை அடுத்த காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் டெக்னீஷியன் அண்ணனும் நானும் ஏணி, கத்தரி, இழை ஒட்டும் இயந்திரத்தின் பெட்டி, மறுநாள் சோதிக்கவிருந்த இணைப்புக் கருவி இருந்த அலமாரியின் கதவு என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். கதவுக்கு இரண்டு பொட்டாகவே வைத்தேன். கடிதம் என்னுடையதாயிற்றே!

மேலாளர் பார்த்துவிட்டார்.

"பிள்ளை, இதென்ன கோயிலோ? முடித் தடிப்புக்கூட இல்லாத கண்ணாடிக்குள்ளால வெளிச்சம் போகுது. ஒரு தூசி விழுந்தாலும் நிண்டிடும். விளங்குதோ? துடையுங்கோ!"

"துடைச்சிடு லா, வம்பு வேணாம்," என்றார் அண்ணன். முணுமுணுத்துக்கொண்டே துடைத்தேன்.

மறுநாள் காலை வாடிக்கையாளர்கள் மூவர் முன்னறையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அலமாரிக்குள் இருந்த கருவியின் துளையை அடைத்திருந்த ரப்பர் மூடியைக் கழற்றிக் கம்பியைச் செருகினார். இணைப்பு வரவில்லை. உருவி, மறுபடி செருகினார். வரவில்லை. முன்னறைக்கு இரண்டாம் சுற்று தே தாரிக் போனது.

"உம்மட சந்தனம்தான்! நான் நேற்றே சொன்னனான். கடிதத்தை நீர் மறந்திடும்," என்றார் மேலாளர்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கதவில் வைத்த பொட்டு துளைக்குள் எப்படி நடந்து போகும்? கருவியை அணைக்கச் சொல்லி, கம்பியை உருவி, இழை முனையைப் பார்க்கும் சின்ன மைக்ராஸ்கோப்பை எடுத்துக் கண்ணில் வைத்தேன். கம்பியின் முனையில் தூசி இருந்தது. ஆனால் அதில் சந்தனத்தின் மஞ்சளும் இல்லை, குங்குமத்தின் சிவப்பும் இல்லை. வெளிர்சாம்பல் நிறம். கழற்றி வைத்த மூடியைக் கையில் எடுத்தேன். அதன் தலையில் ஒரு கீற்றுத் திருநீறு.

மூடியைப் பார்த்தேன். மேலாளரின் நெற்றியைப் பார்த்தேன். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"சார், இது என்ன கலர்னு நீங்களே பாருங்க," என்று மைக்ராஸ்கோப்பை நீட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "செப்புக் கம்பி காலத்தில ஒவ்வொரு புது லைனுக்கும் பூசுறனான். ஒரு நாளும் பிழைச்சதில்லை. நேற்று நீங்கள் ரெண்டு பேரும் போன பிறகு... மூடியிலதானே பூசினன்."

மூடியைக் கழற்றியபோது திருநீறு துளைக்குள் உதிர்ந்திருக்கிறது. ஆல்கஹால் தொட்டு முனையையும் துளையையும் நான் துடைத்தேன். செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. வாடிக்கையாளர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். மேலாளர் நெற்றி வியர்வையை வழித்த கையோடு இழுப்பறையைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை நீட்டினார்.

"வெளியில சொல்ல வேண்டாம், பிள்ளை."

"சொல்ல மாட்டேன் சார்," என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வீட்டில் அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இங்கிலீஷ் எழுத்தை அவர் சட்டை செய்யவில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் பதிந்திருந்த திருநீற்றுக் கட்டைவிரல் ரேகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பரவாயில்லையே, வெங்காய மண்டி முதலாளிக்குச் சாமி பக்தி இருக்கு!"