கடுகு இரண்டு கிலோ, மண்டபம் ஒன்று

எங்கள் குடும்பத்துக்குச் சமையல் கான்ட்ராக்ட் தொழில். அண்ணன் விழுப்புரத்தில் இருக்கிறார். தலைமை அலுவலகம் என்று அவர் சொல்லும் இடம் அவர் வீட்டு முன்னறை. திண்டிவனம் கிளையைப் பார்த்துக்கொள்வது அவர் தங்கையாகிய நான். கிளை என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஆறு அடுப்பு, அப்புறம் நான். வாராவாரம் செவ்வாய்க்கிழமை மீட்டிங். செவ்வாயில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் எங்களுக்கு அதுதான் ஞாயிறு. எமகண்டம் முடிந்து பத்தரைக்கு ஆரம்பம்.

ஆரம்பம் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். நான் பஸ்ஸில் போய் இறங்கியதும் அண்ணன், "சாப்ட்டியா?" என்பார். சாப்பிட்டேன் என்றால் நம்பமாட்டார். எங்கள் சமையல் மாஸ்டர் புதிதாகச் செய்து பார்த்த பண்டம் ஏதாவது வரும். எல்லோரும் தின்போம். உப்பு கூடுதலா குறைவா என்று ஒரு மணி நேரம் வழக்கு நடக்கும். நடுவில் நான், "அண்ணா, திண்டிவனத்து விஷயம்..." என்று இழுப்பேன். "பாத்துக்கலாம்மா" என்று சொல்லிக்கொண்டே கை கழுவ எழுந்துவிடுவார்.

திண்டிவனத்து விஷயம் இதுதான். அங்கே ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், தன் மண்டபத்துச் சமையல் முழுவதையும் என்னிடமே தருவதாக ஆனி மாதத்தில் சொன்னார். "ஆடி முடியறதுக்குள்ள சொல்லிடுங்கம்மா. ஆவணிக்கு ஆளுங்க வந்து கேட்டுக்கினு இருக்காங்க. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார். அதுவரை என் கிளையில் கத்தரிக்காயா முருங்கைக்காயா என்பதைக்கூட விழுப்புரம்தான் முடிவு செய்தது. மண்டபம் கிடைத்தால் நானும் ஒரு தொழில்காரி. கிடைக்காவிட்டால் கொட்டகைக்குக் காவல்காரி. மறைப்பானேன், அந்த மண்டபத்தின் மேல் எனக்கு வெறியே இருந்தது.

தின்ன முடியாத மீட்டிங் ஒன்று நடத்தினால்தான் என் காரியம் ஆகும் என்று புரிந்தது. போனில் வீடியோ மீட்டிங் வைக்கலாம் என்றேன்.

"மூஞ்சியப் பாக்காம இன்னாம்மா மீட்டிங்கு?" என்றார் அண்ணன்.

"மூஞ்சி நல்லாவே தெரியும்ணா."

தெரிந்தது மூஞ்சி அல்ல. அண்ணனின் நெற்றியும், அதற்கு மேலே சுற்றும் ஃபேனும். மாஸ்டர் அடுப்படியிலிருந்தே வந்தார். அவர் இருந்த கட்டத்தில் ஆவிதான் தெரிந்தது, அதற்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "கேக்குதா?" "கேக்குது. உனுக்குக் கேக்குதா?" "தெரியுதா?" இதற்கே பத்து நிமிடம் போனது. பிறகு மாஸ்டர் கரண்டியைக் கேமராவுக்கு நேராகத் தூக்கி, வெல்லப்பாகை ஒழுகவிட்டு, "கம்பிப் பதம் வந்துடுச்சான்னு பாருங்க மொதலாளி" என்றார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். ஒரு தடவை போனை முகர்ந்தும் பார்த்தார், சத்தியமாகப் பார்த்தேன்.

நாங்கள் வைத்திருந்த மீட்டிங் ஆப் இலவசமாகக் கிடைத்தது. நாற்பது நிமிடம் ஆனால் தானாகவே அறுந்துவிடும். நான் "திண்டிவனத்து" என்றேன், அறுந்தது. அடுத்த நொடியே அண்ணனிடமிருந்து போன்.

"பெரியவன் பேசிக்கினு இருக்கும்போதே மொகத்துல அடிச்ச மாதிரி கட் பண்றியே!"

நான் செய்யவில்லை, கம்பெனிக்காரன் செய்தான் என்று நம்பவைக்க மூன்று நாள் ஆயிற்று.

அடுத்த வாரத்துக்கு வேறு வழி பிடித்தேன். எல்லோரும் அவரவர் போனிலிருந்தே எழுதக்கூடிய ஒரு பொதுத் தாள் உண்டு. அதில் பேசவேண்டிய நான்கு விஷயங்களை நம்பர் போட்டு எழுதி அனுப்பினேன். மண்டபம் நாலாவது. சாயங்காலம் திறந்து பார்த்தால் அது இருபத்தேழாவதாக இருந்தது. எங்கள் தொழிலில் நம்பர் போட்ட தாள் எதுவானாலும் அது சாமான் லிஸ்ட்தான். மாஸ்டர் இடையில் புகுந்து கடுகு இரண்டு கிலோ என்று எழுதியிருந்தார். அண்ணன் அதை ஒன்றரையாகத் திருத்தியிருந்தார். மாஸ்டர் மறுபடியும் இரண்டாக்கியிருந்தார். பெருங்காயத்துக்கும் வாழை இலைக்கும் நடுவில் "திண்டிவனம் மண்டபம் - முடிவு" என்று என் வாழ்க்கை நின்றுகொண்டிருந்தது.

பழக்க தோஷத்தில் அண்ணன் அதை அப்படியே மளிகைக் கடைக்கும் அனுப்பிவிட்டார். மறுநாள் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாம் கட்டி வச்சிட்டேங்க. இந்த இருபத்தேழாம் நம்பரு மட்டும் நம்மகிட்ட ஸ்டாக் இல்லீங்களே. செஞ்சிப் பக்கம் கெடைக்குமான்னு விசாரிக்கட்டுங்களா?"

விழுந்து விழுந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் விஷயத்தைக் கடைசிவரை படித்த ஒரே மனிதர் அவர்தான்.

ஆடியின் கடைசிச் செவ்வாய் வந்தது. திரையில் நெற்றி, ஃபேன், ஆவி. கேக்குதா, தெரியுதா எல்லாம் முடிந்து அண்ணன் சாம்பாரைப் பற்றி ஆரம்பித்தார். முப்பது நிமிடம் ஓடிவிட்டது. மீட்டிங்கைத் தொடங்கியவள் நான் என்பதால், மற்ற எல்லோருடைய ஒலியையும் அடைக்கும் பட்டன் என் போனில் இருந்தது. முதல் வாரமே பார்த்திருந்தேன். கூடப்பிறந்த அண்ணன் வாயை அடைப்பதா என்று கை வரவில்லை. அன்றைக்கு வந்தது. அவர்களாகத் திறந்துகொள்ள முடியாதபடி அதற்கும் ஒரு தடை போட்டேன்.

அண்ணன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். வாய் மட்டும் அசைந்தது. அப்புறம் ஏதோ சரியில்லை என்று தெரிந்து போனைத் தட்டினார், உதறினார், கிட்டே கொண்டுவந்து ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தார்.

"அண்ணா, நான்தான் உங்க வாய அடச்சேன். ரெண்டு நிமிஷம் கேளுங்க" என்றேன். மண்டபம் நமக்கு வருகிறது, வெள்ளிக்கிழமை ஆடி முடிகிறது, ஒத்துக்கொள்ளப் போகிறேன், நானே நடத்துவேன், தப்பு நடந்தால் என் தலையில் போடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஒலியைத் திறந்துவிட்டேன்.

மாஸ்டர் அடுப்பைக்கூட அணைத்துவிட்டார் போல, அவர் முகம் முதல் தடவையாகத் தெளிவாகத் தெரிந்தது.

"இத்தினி நாளா ஏம்மா சொல்லல?" என்றார் அண்ணன்.

அவர் நடிக்கவில்லை, அந்த முகத்தை எனக்குத் தெரியும். கேட்டும் கேட்காதவர்போல ஒதுக்குகிறார் என்றுதான் நான் இத்தனை வாரமும் புழுங்கிக்கொண்டிருந்தேன். அவர் காதில் விழவே இல்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு அழுகை வந்தது.

"வாராவாரம் சொன்னேண்ணா."

"சொன்னாளா?" என்று மாஸ்டரைக் கேட்டார்.

"சொன்னாங்க மொதலாளி. போன மாசம் வடை துன்னுக்கினு இருக்கும்போதுகூட சொன்னாங்க."

அண்ணன் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, ஜல்தியா அந்த ஆளுக்குப் போனப் போட்டு ஒத்துக்கினேன்னு சொல்லிடு. உன் மண்டபத்துல நான் தலையிட மாட்டேன். ஆனா சாம்பாருக்கு மட்டும்..."

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் முகம் எட்டிப் பார்த்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்த மீட்டிங்குக்குக் காப்பி கொண்டுவந்திருக்கிறாள், ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, அந்தப் பட்டன் இங்க வூட்லயும் வேல செய்யுமா?"