தரங்கம்பாடியில் பார்த்த மேகம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கு ஓர் அறுவடை இயந்திரமும் இரண்டு டிராக்டரும் என் பெயரில் ஓடுகின்றன. திருவையாற்றுப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரு நெல்லைக் கடித்தே அதன் ஈரத்தைச் சொல்கிற ஆள் என்று என்னைத்தான் காட்டுவார்கள். கொள்முதல் நிலையத்து ஊழியர் ஒருவர் ஒருமுறை என்னைக் கடிக்கச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் தன் கருவியில் போட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பெருமைக்குச் சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை. உழைத்து வந்த பெருமை.

அந்த மாசியில் எங்கள் நெல் முழுவதும் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே, திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. நான்கு நாள் காத்திருந்து, மறுநாள் காலையில் எங்கள் முறை வருவதாக இருந்தது. ஈரம் மட்டும் அவர்கள் வாங்குகிற அளவைவிட ஒரு புள்ளி கூடுதல். ஒரு பகல் நல்ல வெயில் அடித்தால் இறங்கிவிடும். இறங்காவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். நாங்கள் வரிசையின் கடைசிக்குப் போய், பனிக்கும் மழைக்கும் பயந்துகொண்டு மறுபடி கிடக்க வேண்டும். அப்படிப்பட்ட நாளில்தான் பொறையாரில் சம்பந்தி வீட்டுக் காதுகுத்து வந்தது.

“போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? என் தம்பி குவியலப் பாத்துப்பான்” என்றாள் மனைவி.

போனோம். இலையில் உட்கார்ந்தும் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் இரண்டு தடவை மைத்துனனுக்குப் போன் செய்தேன். நெல்லைக் கிண்டிவிட்டாச்சு, வெயில் நன்றாக அடிக்கிறது என்றான். கை கழுவியதும் காரை எடுக்கப் போனேன். மனைவி நகரவில்லை. “இவ்வளவு தூரம் வந்தாச்சு. தரங்கம்பாடி அந்தா இருக்கு. ஒரு மணி நேரம் கடலப் பாத்துட்டுப் போவோம்” என்றாள். சம்பந்தி வீட்டார் முன்னால் மறுக்க முடியவில்லை.

பெரிய வாசல் வளைவைத் தாண்டி, பழைய வீடுகள் நிற்கிற தெரு வழியாகக் கோட்டைக்குப் போனோம். டென்மார்க்குக்காரர்கள் கட்டிய கோட்டை. உள்ளே பீங்கான், பழைய காசு, கப்பல் படம் என்று ஒவ்வொன்றாக மனைவி நின்று பார்த்தாள். எனக்கு முற்றம்தான் கண்ணில் பட்டது.

“இந்த எடத்துல ஒரு போகத்து நெல்லக் காயவைக்கலாம்” என்றேன்.

“அவன் கப்பல்ல வந்து கோட்ட கட்டுனான். நீங்க கார்ல வந்து நெல்லு காயவைங்க” என்றாள்.

மேல்மாடத்தில் ஏறினேன். தெற்கே ஆறு கடலில் விழுகிற இடம் பளபளத்தது. எங்கள் வயல்களில் தப்பிய தண்ணீர் எல்லாம் இப்படித்தான் எங்காவது போய்ச் சேர்கிறது என்று நினைத்துக்கொண்டே கிழக்கே திரும்பினேன். கடலுக்கு மேல் கரும்பலகை மாதிரி மேகம். என் கால் அங்கே நிற்கவில்லை.

மணலில் இறங்கினோம். ஓர் அம்மாள் வலையை விரித்து அதன்மேல் மீனைக் காயப்போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“மழ வருது, அள்ளி மூடும்மா” என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. “எந்த ஊருங்க நீங்க?”

“திருவையாறு.”

“அதானே பாத்தேன். இது இங்க வராதுங்க. வடக்கேருந்து வாட அடிக்குது பாருங்க, மேகத்தத் தெக்கால தள்ளிக்கிட்டுப் போவுது. கெழக்கேருந்து கொண்டல் அடிச்சா நான் இன்னேரம் அள்ளியிருக்க மாட்டனா?”

“அம்பது வருசமா மேகம் பாக்குறவன் நான்.”

“நீங்க வயல்லேருந்து பாக்குறீங்க. இங்க என் கருவாடும் வெயில்லதான கெடக்கு.”

மனைவி சிரித்துவிட்டாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. தள்ளிப் போய் மைத்துனனுக்குப் போன் செய்து, தார்ப்பாயைப் போட்டுக் குவியலை மூடச் சொன்னேன்.

“இங்க வெயில் கொளுத்துதே அத்தான்.”

“கடலுக்கு முன்னாடி நிக்கிறது நானா நீயா?”

“நீங்கதான்.”

“அப்ப மூடு. நான் சொல்ற வரைக்கும் எடுக்காத.”

மூடிவிட்டான். நாங்கள் காரில் ஏறும்போதே மேகத்தின் வடக்கு ஓரம் வெளுத்துவிட்டது. மாயவரத்தில் கண் கூசுகிற வெயில். “தம்பிகிட்ட எடுக்கச் சொல்லுங்க” என்றாள் மனைவி. பொறு என்றேன். குத்தாலத்தில் மறுபடி சொன்னாள். கிழக்கிலிருந்து துரத்திக்கொண்டு வரலாம் என்றேன். கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் வரவில்லை. போன் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்து நாலு வார்த்தை சொன்னால் போதும். மூடச் சொன்ன வாயால் திறக்கச் சொல்ல மனசு வரவில்லை. கும்பகோணத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். போய்ச் சேர்ந்தபோது பொழுது விழுந்துவிட்டது.

தார்ப்பாயைத் தூக்கியதும் சோற்றுப்பானை மூடியைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. குவியலுக்குள் கையை விட்டேன், சுட்டது. வெயிலில் உலர வேண்டிய நெல் உள்ளேயே வேர்த்துக் கிடந்தது. பக்கத்துக் குவியல்காரர்கள் பகல் முழுக்கக் கிண்டிக்கொண்டிருந்தார்களாம். மைத்துனன் என்னைப் பார்க்கவில்லை, தார்ப்பாயை மடிப்பதிலேயே குறியாக இருந்தான்.

காலையில் கருவி காட்டியது நேற்றைக்கும் கூடுதல். “காய வச்சுக் கொண்டாங்க” என்று ஊழியர் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். என் சாக்கைத் தள்ளிவிட்டு அடுத்தவர் சாக்கைத் தராசில் ஏற்றினார்கள். மேகம் ஏமாற்றிவிட்டது என்று அங்கே நின்றவர்களிடம் சொன்னேன். ஊரில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிவருகிறேன்.

நெல்லைச் சாலை ஓரத்தில் பரப்பினோம். மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலாலேயே நெல்லைக் கிளறிச் சால் இழுத்தபடி ஒரு கோடியிலிருந்து வந்தாள். நான் மறு கோடியிலிருந்து வந்தேன். நடுவில் எதிரெதிரே வந்தபோது நின்றாள்.

“அந்தம்மா சொன்னது சரின்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“மாயவரத்துலயே.”

அவள் திரும்பி, அடுத்த சால் இழுக்க ஆரம்பித்தாள். பின்னாலேயே நானும் போனேன்.