எக்காளக்கார லூர்து சேர்ந்த சபை

கண்டி நகரத்துக் கல்யாணங்களிலும் சாவு வீடுகளிலும் எக்காளம் ஊதிப் பிழைத்தவன் லூர்து. ஊதுகிறவனுக்கு வாய் காயும் என்பது ஊரறிந்த விஷயம். ஆகையால் எந்த வீட்டுக்குப் போனாலும் சாராயம் தானாகவே வந்து சேரும். கல்யாணமென்றால் சந்தோஷத்துக்கு, சாவென்றால் துக்கத்துக்கு. இரண்டும் இல்லாத நாட்களில் அவன் தன் செலவிலேயே சாராயத் தவறணைக்குப் போனான்.

1929 மழைக்காலத்தில் ஒரு கடை முதலாளி இறந்துபோனார். சவப்பெட்டி வாவிக்கரையைத் தாண்டும்போது லூர்து கண்ணை மூடி உருகி உருகி ஊதினான். ஊதியது மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு. மேளக்காரனும் அரை மயக்கத்தில் இருந்ததால் தாளம் அருமையாகச் சேர்ந்துகொண்டது. விதவை அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் மனைவி கிறேஸ் சத்தம் போடவில்லை. "அந்தப் பொம்பளை மொகத்துல நான் இனி எப்படி முழிக்கிறது? குடிய விடுறதுன்னா உள்ள வாங்க. இல்லேன்னா அந்தக் குழலோடயே குடும்பம் நடத்துங்க" என்றாள்.

லூர்துவுக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. முன்பும் விட்டுப் பார்த்தவன்தான். தனியாக இருந்தால் சாயந்தரம் ஆனதும் கால் தானாக நடந்துவிடும். அதனால் துணை தேடிப் புறப்பட்டான்.

முதலில் போனது பெரிய மனிதர்களின் மதுவிலக்குச் சங்கத்துக்கு. தலைவர் புறக்டர் தனபாலன், கோர்ட்டில் வாதாடும் குரலிலேயே, சாராயம் ஏழையின் இரத்தத்தை உறிஞ்சுவதை இங்கிலீஷில் விளக்கினார். சீமைச் சரக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது அவரவர் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் மரியாதையாக இருந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் லூர்து பின்னாலிருந்து எழுந்தான்.

"ஐயா, நான் குடிகாரன். விடணும்னு வந்திருக்கேன்."

பக்கத்திலிருந்தவர் தன் கதிரையைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். செயலாளர் ஓடிவந்து, தோளில் கை படாமல் அவனை வாசல்வரை கூட்டிப்போனார்.

"தம்பி, இது மதுவை ஒழிக்கிற சங்கம். குடிக்கிற ஆக்களைச் சேர்க்க எங்கட விதியில இடமில்லை."

"விட்டவங்க சேரலாமா, ஐயா?"

"ஓம். விட்டிட்டு வாரும்."

அடுத்தது மாதா கோயிலில் கூடும் குடி ஒழிப்புச் சபை. அங்கே குடிகாரனுக்குப் பஞ்சம்; லூர்துவை இரு கை நீட்டி வரவேற்றார்கள். எழுந்து நின்று தன் பாவங்களைச் சொல்லச் சொன்னார்கள். சவ ஊர்வலத்துக் கதையைச் சொன்னான். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள், சிலர் வாயையும் பொத்திக்கொண்டார்கள். மறுவாரம் கூட்டம் பெருகியது. கதை தீர்ந்துபோக, லூர்து செய்யாத பாவங்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன், "இந்த வாரம் நான் ஒரு சொட்டும் தொடல" என்றபோது எல்லார் முகமும் தொங்கிப்போனது. சபைத் தலைவி டொரதி அம்மா, "அப்ப பழைய கதையில ஒண்ணாச்சும் சொல்லுப்பா" என்று கெஞ்சினாள். லூர்து நேராக வெளியே நடந்தான்.

கால் கட்டுகஸ்தோட்டைத் தவறணை முன்னால்தான் போய் நின்றது. எதிரே பளீல் நானாவின் தேத்தண்ணிக் கடை. அதன் முன்னால் போட்டிருந்த மர வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நிண்டு யோசிக்கிறதெண்டால், இங்க வந்து இருந்து யோசியும்."

பேசியவர் ராஜலிங்கம். கச்சேரியில் பார்த்த அரசாங்க உத்தியோகத்தைச் சாராயத்தில் கரைத்த யாழ்ப்பாணத்து மனிதர். பக்கத்தில் இராமையா, துரை பங்களாவில் சூப்புக்கு வைத்திருந்த பிராண்டியைத் தன் வயிற்றில் ஊற்றியதால் வேலையை இழந்த சமையற்காரன். இருவரும் தினமும் தவறணை திறந்திருக்கும் நேரம் முழுவதும் எதிரே உட்கார்ந்து, உள்ளே போகாமல் இருந்தார்கள். அதுதான் அவர்கள் செய்த வேலை. இடையிடையே யார் பெரிய குடிகாரன் என்று சண்டை. இராமையா புளுகினால் ராஜலிங்கம் கண்டுபிடித்துவிடுவார். அழுவதற்கு அங்கே ஆளில்லை.

லூர்துவும் போய் உட்கார்ந்தான். கண் எதிரே தவறணை வாசலிலேயே இருந்தது. ராஜலிங்கம் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் இன்னொரு தேத்தண்ணி சொன்னார்.

கூட்டத்துக்கென்று போகும் கணவன் நாள்தோறும் தெளிவாக வீடு திரும்புவதைக் கண்டு கிறேஸுக்குச் சந்தேகம் வந்தது. குடி போன இடத்தில் எவளோ வந்துவிட்டாள் என்று நினைத்து, ஒருநாள் பின்னாலேயே வந்துவிட்டாள். வாங்கில் மூன்று ஆண் முகங்கள்தான் உர்ரென்று இருந்தன.

"இதுவா கூட்டம்? யாரு பிரசங்கம் பண்றது?" என்று பளீல் நானாவைக் கேட்டாள்.

"பிரசங்கம் ஒண்டும் இல்ல மகள். ஒருத்தன் எழும்பிப் போகாம மத்தவன் பாத்துக்கிட்டு இரிக்கான். எனக்குத் தேத்தண்ணி விக்குது" என்றார் நானா.

அந்த வருஷக் கடைசியில், நகரத்தில் குடி குறைந்தது தங்கள் உழைப்பால்தான் என்று புறக்டரின் சங்கம் அறிக்கை வாசித்தது. அதே வாரம் ஒரு கல்யாணத்தில் லூர்து வழுக்கி, மறுபடி குடித்துவிட்டான். மறுநாள் தலை குனிந்து வந்தவனுக்கு ராஜலிங்கம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். இராமையா மட்டும், "எவ்வளவு?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும், இதெல்லாம் ஒரு குடியா என்று ஏளனமாகச் சிரித்தான்.

அதன்பின் கல்யாண வீடுகளுக்கு லூர்து ராஜலிங்கத்தையும் கூட்டிப்போனான். வாத்தியக்காரர் நடுவே எதையும் வாசிக்காமல், வருகிற கிளாஸையெல்லாம் முறைத்துத் திருப்பி அனுப்பும் அந்தப் பெரியவர் யாரென்று பெண் வீட்டாருக்குப் புரியவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பாவாக இருக்கும் என்று நினைத்து, முதல் பந்தியில் அவருக்கே இலை போட்டார்கள்.