தாய்மாமன் மடி

ஆசனவாயில் ரத்தம் கசிந்தபோது ஊரே மூலம் என்றது. நானும் நம்பினேன். கருணைக்கிழங்கும் துத்திக்கீரையுமாகத் தின்று தீர்த்தேன். இன்றைக்கும் கருணைக்கிழங்கைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் ஒரு வருஷத்தை விழுங்கியது அதுதான்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் புற்று என்றார்கள். பெரிய டாக்டர் மென்று முழுங்கிப் பேசுகிறவர் இல்லை. கரண்டு என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு மட்டும் வைத்தால் கட்டி சுருங்கும், ஆனால் திரும்பி வராது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். முதலில் கரண்டு, பிறகு ஆபரேஷன் என்றால் பிழைக்க வழியுண்டு. ஆனால் கட்டி ஆசனவாயை ஒட்டியே இருப்பதால் அந்த இடத்தை எடுத்துத் தைத்துவிட்டு, இடது வயிற்றில் ஒரு துவாரம் வைப்பார்களாம். ஆயுசுக்கும் மலம் அதன் வழியாகத்தான்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, தாய் தகப்பனும் இல்லை. அரிமளத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஒருத்திதான். வெகுகாலம் கழித்து அப்போதுதான் அவள் உண்டாகியிருந்தாள். பிறக்கும் பிள்ளையை மடியில் உட்கார்த்திக் காது குத்த, கூடப் பிறந்த தாய்மாமன் நான் ஒருவன்தான். அதனால் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"மடியில பிள்ளைய வச்சுக்கலாமுங்களா?"

"தாராளமா வச்சுக்கலாம்."

சரி, அறுங்கள் என்றேன்.

கரண்டு வைக்கும்போது வலி கிடையாது. அசையாதே என்று படுக்கவைத்துவிட்டு, எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மெஷினும் நானும் மட்டும். அப்படியொரு தனிமையை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. தோல் வெந்தது அப்புறம்தான். ஆபரேஷனும் முடிந்து, பஞ்சும் துணியும் வைத்து வயிற்றைக் கட்டப் பழகிக்கொண்டு ஊர் வந்தேன். டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். போகிறார்கள் என்று விட்டேன். அக்காவுக்குப் பெண் பிறந்திருந்தது, எனக்கு அது போதும்.

காதுகுத்துக்கு முதல் நாளே சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். விடியுமுன் குளித்து, வயிற்றில் புதுத் துணி கட்டி, சீர்த்தட்டோடு குலசாமி கோயிலுக்குப் போனேன். பலகையில் எங்கள் பெரியப்பா மகன் உட்கார்ந்திருந்தான். பிள்ளை அவன் மடியில் இருந்தது. ஆசாரி ஊசியோடு குனிந்திருந்தார். அக்கா என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனாள்.

"பிள்ளை ஒதைக்கும்டா. ஒனக்கு நோகும்னுதான்..."

"நோகாதுக்கா."

"தெரியும்டா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பிள்ளை வீரிட்டு அழுதது. பெரியப்பா மகன் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். பிழைத்து வந்ததற்காக நான் வருத்தப்பட்டது அன்று ஒருநாள்தான்.