பெரியம்மா சத்தமாகச் சொன்ன பெயர்

பெரியம்மாவுக்குப் பெரிய குரல். அவள் கோயிலில் முழங்கால் போட்டு ஜெபிக்க ஆரம்பித்தால் வயலில் களை பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று உபதேசியார் கேலி செய்வார். அந்தக் கேலி அவளுக்குப் பிடிக்கும். மிஷனில் அவளுக்கு வேதப்பெண் வேலை. கறுப்புக் குடையும் வேதப்புத்தகமுமாக ஊர் ஊராக நடந்து, வீட்டுப் பெண்களுக்கு வாசித்துக் காட்டி, கடைசியில் கண்ணை மூடி அந்த வீட்டு ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஜெபித்துவிட்டு வருவாள். சினைப் பசுவுக்குப் பெயர் இருந்தால் அதையும் விடமாட்டாள். "பேரு சொல்லாத ஜெபம் வெலாசம் எழுதாத தபாலு, கேட்டியா" என்பாள். இப்போது எங்கள் கோயிலில் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். வியாதிக்காரர்களின் பெயர்களைப் பாதிரி ஐயர் அதில் வாசிக்கும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் கிழவிக்குத் தூக்கம் என்று நினைத்துக்கொள்ளும்.

அன்றைக்கு எங்களுடையது மகாராஜா நாடு. ஆரல்வாய்மொழியில் மலைக்கு நடுவே சுங்கச் சாவடி. அதைத் தாண்டினால் வெள்ளைக்காரன் சர்க்கார். அங்கே ராஜத்துரோகம் என்று விரட்டப்பட்டவன் இங்கே வந்துவிட்டால், அவனைப் பிடிக்க அந்த சர்க்கார் எங்கள் சர்க்காரிடம் எழுதிக் கேட்க வேண்டும். சட்டம் அப்படி. கேட்காமலே ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது எங்களுக்குத் தெரியாது. மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சியாக இருந்த எனக்கே தெரியாது, பெரியம்மாவை என்ன சொல்ல?

உப்புப் போராட்டம் அடங்கியிருந்த சமயம் அது. கிழக்கே ஒரு சின்னப் பட்டணத்தில் ஒருவர் வாரப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். போராட்டத்தில் பிடித்த பையன்களைச் சிறைக்குள் அடித்துச் சாகடித்தது யார் யார் என்று பெயர் போட்டு எழுதிவிட்டார். பொதுவாக 'அதிகாரிகள்' என்று எழுதியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. அச்சுக்கூடத்தைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். இவர் மலையோரமாகவே நடந்து எல்லை தாண்டினார். ஆரல்வாய்மொழியில் ஒரு வீட்டில் ஜெபித்துவிட்டுத் திரும்பிய பெரியம்மா, ஆலமரத்து மூட்டில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தவரைப் பார்த்து, யார் எவர் என்று கேட்காமல் அந்த வழியாக வந்த ஒரு வண்டியில் ஏற்றி, அவளும் நானுமாக இருந்த வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். விஷயம் தெரிந்தபோதும் போகச் சொல்லவில்லை. மிஷன் புத்தகம் விற்கிறவர், பெயர் ஞானமுத்து என்று ஊருக்குச் சொல்லி வைத்தோம்.

பின்கட்டு அறையில் இருந்தார். நாற்பது வயதிருக்கும். பலசரக்குப் பொட்டலம் பிரித்த காகிதத்தைக்கூட நீவி வைத்து, அதில் வந்த செய்தியைத் திருத்திக்கொண்டிருப்பார். சுவரில் சாய்ந்து உட்கார மாட்டார். வாசல் கண்ணில் படுகிற மாதிரி ஒரு மூலை இருந்தது, அங்கேதான் உட்காருவார். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் கஞ்சி கோரிய கரண்டி பாதியில் நிற்கும். "நம்ம ராசா போலீஸு ஒங்களப் புடிக்க விட்டிருவாங்களா தம்பி?" என்று பெரியம்மா ஒரு நாள் கேட்டாள். கிழக்கத்திச் சீமைப் பேச்சில் அவர் சொன்னார்: "வாரவன் ராசாகிட்ட கேட்டுக்கிட்டா வருவான்? வேட்டி சட்டையில, ஒங்க ஊரு ஆளு மாதிரிதாம்மா வருவான்."

பெரியம்மாவுக்கு வேறு சங்கடம் இருந்தது. ராத்திரி ஜெபத்தில் அவரைச் சேர்க்கும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு இடறியது. கடைசியில் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஞானமுத்துங்கது ஒங்க சொந்தப் பேரு இல்லல்லா?"

"இல்லம்மா. அது தெரியாம இருக்கது ஒங்களுக்கு நல்லது."

"மனுசங்ககிட்ட மறைக்கலாம் தம்பி. ஆண்டவருகிட்ட பொய்ப்பேரு சொன்னா, அவரு யாரத் தேடிட்டுப் போவாரு?"

எங்கள் வீட்டில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, ஊர்ப்பெயரோடும் அப்பா பெயரோடும் சேர்த்துச் சொன்னார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என் காதிலும் விழுந்தது.

அதன் பிறகு அவருக்குக் காய்ச்சல் கூடியது. இருமினால் துணியில் ரத்தம் தெரிந்தது. புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனோம். கூட்டத்தில் ஒவ்வொருத்தியாகப் புருஷன், பிள்ளை, கடன், வயிற்றுவலி என்று ஜெபித்து முடித்தார்கள். அவள் முறை வந்தது. எப்போதும்போல எடுத்த எடுப்பில் குரல் உயர்ந்தது. சொந்த ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு எங்க வீட்டுல ஒளிஞ்சிருக்க உம்ம பிள்ளை என்றாள். பிறகு பெயரைச் சொன்னாள், முழுதாக. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லாப் பெண்களும் கண்ணை மூடியபடி அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி மனதிலும் கள்ளம் இல்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவர்கள் அந்தப் பெயரைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

எங்கள் தெருவில் விளக்கு வைத்ததும் வீட்டுக்கு வீடு குடும்ப ஜெபம் நடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் நான் அவருக்குச் சுக்குக் கஷாயம் கொண்டுபோனேன். அடுத்த வீட்டுச் சுவர் வழியாக அவருடைய பெயர் கேட்டது, அப்பா பெயரோடு. அவர் கையை உயர்த்தி என்னைப் பேசாதே என்றார். கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டிலிருந்தும் கேட்டது. ஒரு சின்னப் பிள்ளை அம்மா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. பெரியம்மா வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை, பாவி.

அவர் கோபப்படவில்லை. "எனக்காக யாரும் இப்படிச் சத்தம்போட்டுக் கேட்டதில்லம்மா" என்றார். அப்புறம், "வண்டி கெடைக்குமா?" என்றார்.

நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டால் வைத்தியமும் ஆகும், கூட்டத்தோடு கூட்டமாக இருந்தும் விடலாம் என்பது பெரியம்மாவின் எண்ணம். அடுத்த வீட்டுக்காரரிடம் போனோம். அவர் வண்டிதான் எங்கள் தெருவுக்கு வண்டி. அவர் தலையைச் சொறிந்தார். "இப்ப பூட்டுனா நாளைக்கும் மாடு நடக்கணும். நாளைக்கு ஓய்வுநாள்லா? திங்கக்கெழம கோழி கூவ பூட்டுகேன்." பக்கத்து ஊரில் வேறு வண்டி கேட்கலாமே என்றேன். பெரியம்மா வரமாட்டேன் என்றாள். நம் வேலைக்காக அடுத்தவன் மாட்டை ஓய்வுநாளில் நடத்தினாலும் பாவம் பாவம்தானாம். எனக்கு வந்ததே கோபம். "ஆண்டவரு மாட்டப் பாப்பாரா மனுசனப் பாப்பாரா?" என்றேன். "ஏட்டி, வாய மூடு" என்றாள். திங்கட்கிழமை என்று அவரிடம் சொன்னோம். சரியென்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்கு வராவிட்டால் என்னவோ ஏதோ என்று ஊரே வீட்டுக்கு வந்துவிடும். அதனால் கஞ்சியைத் தலைமாட்டில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு இருவருமே போனோம். ஊரில் ஓர் ஆள் மிச்சமில்லை. உபதேசியார் நீண்ட ஜெபம் செய்துகொண்டிருந்தபோது மோட்டார் சத்தம் கேட்டது. எங்கள் ஊருக்குள் கார் வருவது திருவிழா மாதிரி. மற்ற நாளென்றால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். ஆனால் ஜெபத்தின் நடுவில் எங்களில் யாரும் எழுந்ததில்லை. அத்தனை பேர் காதிலும் விழுந்தது, அத்தனை பேரும் முழங்காலில் இருந்தோம். பெரியம்மாதான் எழுந்தாள். பாயில் உட்கார்ந்திருந்த பெண்களை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

நாங்கள் தெருமுனைக்குப் போகும்போது புழுதிதான் இருந்தது. கதவு திறந்து கிடந்தது. கஞ்சி கொட்டியிருந்தது. ஒற்றைச் செருப்பு முற்றத்தில் கிடந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர் பெரியம்மாவை மரியாதையாகவே உட்கார வைத்தார். அப்படிப் பெயருள்ள ஆள் இந்த நாட்டுக்குள் வந்ததாகவே தகவல் இல்லை என்றார். "இல்லாத ஆள எப்பிடியம்மா கடத்திட்டுப் போவாங்க?" அங்கிருந்து அவள் வெயிலில் ஆரல்வாய்மொழிச் சாவடி வரைக்கும் நடந்தாள். குடையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். காவல்காரன் நல்லவன். கார் போனது உள்ளதுதான், போர்வை மூடி ஒரு நோயாளியைப் படுக்க வைத்திருந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு என்றார்கள் என்று சொன்னான். பெரியம்மா அங்கேயே நின்று கிழக்கே பார்த்தாள்.

பிறகு தெரிந்தது: ஜெபக்கூட்டத்துப் பெண்களில் ஒருத்தியின் புருஷன் சாவடிக்கு அந்தப் பக்கம் பணகுடிச் சந்தைக்கு நெல் கொண்டுபோனபோது, எங்கள் ஊரில் ஒரு பெரிய பத்திரிகைக்காரருக்காக நாங்கள் ஜெபிக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் அதன்பின் பெரியம்மா எதிரே வந்தால் வரப்பைவிட்டு வயலில் இறங்கி நடப்பார். சில மாதம் கழித்து ஒரு பத்திரிகையின் மூலையில் மூன்று வரி வந்தது. காவலில் இருந்தபோது காய்ச்சலால் இறந்தார் என்று போட்டிருந்தது. காய்ச்சல் இருந்தது உண்மைதான். பொய்யை எப்படி உண்மை மாதிரி எழுதுவது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெரியம்மா மறுபடி குடையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். வாசிப்பாள், கண்ணை மூடுவாள், பேசாமல் இருந்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள். பெண்கள் காத்திருந்து காத்திருந்து பார்த்தார்கள். ஜெபிக்காத வேதப்பெண் எதற்கு என்று யாரோ மிஷனுக்குச் சொல்ல, அவளே வேலையை விட்டுவிட்டாள். ஒரு நாள் என்னிடம், "நான் ஆண்டவருகிட்டதான் சொன்னேன் மக்கா" என்றாள். "ஊருக்கும் காது உண்டுல்லா, அத மறந்துட்டேன்."

அதன்பிறகு பல வருஷம் இருந்தாள். வெள்ளைக்காரன் போனான், ராஜாவும் போனார், சாவடியில் வண்டிகளை நிறுத்துவதும் நின்றுபோயிற்று. கடைசிப் படுக்கையில் உபதேசியார் ஜெபித்து முடித்ததும் பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெரிய குரலில் ஒரு நூலளவுதான் மிச்சம் இருந்தது. காதை வாயருகே கொண்டுபோனேன்.

"இனி அவரு பேர சத்தமா சொல்லலாம்லா? இப்ப அவர யாரும் ஒண்ணும் செய்ய முடியாதுல்லா?"

சொல்லலாம் பெரியம்மா என்றேன். ஊர்ப்பெயரோடும் அப்பா பெயரோடும் சொன்னாள். சத்தமாகச் சொல்வதாகத்தான் அவள் நினைத்திருப்பாள். கட்டில் பக்கத்தில் நின்ற உபதேசியாருக்குக்கூடக் கேட்கவில்லை.

ஒலிபெருக்கியில் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும்போது நானும் கண்ணை மூடி அந்தப் பெயரைச் சொல்கிறேன், உதடு அசையாமல். இத்தனை எழுதிவிட்டு அதை மட்டும் இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.