போதும் என்றவரைத் துரத்திய ரோபோ

1. முதல் பந்தி

மாப்பிள்ளையின் தாய்மாமன் கை கழுவ ஓடுகிறார். பின்னாலேயே பிரியாணித் தட்டோடு எங்கள் ரோபோ!

"இன்னும் ஒரு கரண்டி, மாமா!"

"மதி, மதி! போதும்! அய்யோ, யாராவது இத ஆஃப் பண்ணுங்க!"

"கூச்சப்படாதீங்க, மாமா!"

கொச்சி மட்டாஞ்சேரி மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. கேட்டரிங் சூப்பர்வைசரான எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரோபோவுக்குப் பாடம் சொன்னதே நான்தான். எங்கள் ராவுத்தர் வீட்டு விருந்தில் 'போதும்' என்றதும் நிறுத்துவது மரியாதையில்லை. இன்னொரு கரண்டி வைத்தே ஆகவேண்டும். வழக்கங்களை எல்லாம் அப்படியே ஒப்பித்திருந்தேன்.

பெண்ணின் அத்தா யூசுப் மட்டும் சிரிக்கவில்லை. நேராக என்னிடம் ஓடி வந்தார். அங்கே எல்லோருக்கும் நான் 'இக்கா', அதாவது அண்ணன்.

"இக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோவிச்சுக்கிட்டா எம் பொண்ணு அங்க எப்படி வாழும்?"

எனக்குச் சிரிப்பு சட்டென்று நின்றது.

ரோபோவோடு வந்திருந்த இன்ஜினியர் ரேவதி, பக்கத்துப் பள்ளுருத்திக்காரி, லேப்டாப்பைத் திறந்தாள். "இக்கா, போதும்னவருக்கு எதுக்கு மறுபடி வைக்கிறீங்க?"

"யாரும் பசியோட எந்திரிக்கக் கூடாது, மோளே. கேட்க வெக்கப்பட்டும் இருக்கக் கூடாது."

"அத முதல்லயே சொல்லியிருக்கலாமே! வழக்கத்த மட்டும் சொன்னோம், எதுக்குன்னு சொல்லல. இந்தக் காரணத்த எல்லா வழக்கத்துக்கும் மேல வைக்கிறேன். எந்த வழக்கம் எங்க பொருந்தும்னு அதுவே பார்த்து எடுக்கட்டும்."

2. கடைசிப் பந்தி

அதன்பின் ரோபோவின் போக்கே மாறிவிட்டது. தயங்கியவரிடம் மறுபடி கேட்டது. தட்டைக் கையால் மூடியவரை விட்டு நகர்ந்தது. எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

பந்தி முடியும் நேரத்தில் அது நேராக யூசுப்பிடம் போய் நின்றது.

"காலையிலேர்ந்து நீங்க உட்காரவே இல்ல. உட்காருங்க, அத்தா."

சம்பந்தி வீட்டார் எல்லோரும் கிளம்பிய பிறகே பெண்ணைப் பெற்றவர் சாப்பிடுவார். அந்த வழக்கத்தையும் நான்தான் சொல்லியிருந்தேன். ரோபோ அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டது!

தாய்மாமன் எழுந்து வந்தார். யூசுப் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். தாய்மாமனோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, யூசுப்பின் தோளைப் பிடித்து உட்கார வைத்து, கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"போதும், சம்பந்தி..."

"அது என்னைய விட்டுச்சா? நான் உங்கள விடுவேனா?"

அப்போதுதான் யூசுப் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு, அது ஆளானாலும் இயந்திரமானாலும், இப்போதெல்லாம் நான் வழக்கத்தை இரண்டாவதாகத்தான் சொல்கிறேன். அது யாருக்காக என்பதுதான் முதல் பாடம்.