கோபுரத்துக்குத் தெரியாமல் ஒரு டப்பா

கற்பூர வாசனை மூக்கில் ஏறினால் இப்போதும் எனக்கு ஒரு டப்பாதான் ஞாபகம் வரும். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆனி மாதம், திருவண்ணாமலையில் நடந்தது இது. எனக்கு அப்போது ஐம்பது வயது.

பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவன். எனக்கு என்ன வந்துவிடும் என்ற திமிர் உண்டு. சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் டாக்டர், நாற்பத்தைந்து தாண்டினால் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை மலத்தைச் சோதித்துவிட வேண்டும் என்றார். குடலில் புற்றுநோய் தொடங்கும்போது வலிக்காதாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மட்டும் கசியலாமாம். ராஜகோபுரத்தைத் தாண்டிப் போகிற தேரடித் தெரு லேபில் சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்து, காலையில் எடுத்து உடனே கொண்டுவரச் சொன்னார்கள்.

எடுத்துவிட்டேன். கொண்டுபோவதுதான் பெரும்பாடு. இதை வைத்துக்கொண்டு ராஜகோபுரத்தைத் தாண்டுவதா? காலிக் கற்பூர டப்பாவுக்குள் போட்டு, ஸ்கூட்டர் பெட்டியில் ஒளித்து, வேங்கிக்காலிலிருந்து சந்து சந்தாகத் திரும்பினேன். வடக்கே ஒரு கோபுரம், மேற்கே ஒன்று, தெற்கே இன்னொன்று, எதுவும் தெரியாத இடத்தில் மலை. எங்கெங்கோ நின்று, தயங்கி, லேபை அடைந்தபோது உச்சி வெயில்.

அங்கிருந்த இளம்பெண் திறந்து பார்த்துவிட்டு, வெயிலில் வெந்தது உதவாது என்றார். தினம் கும்பிடப் போகிற கோயிலாயிற்றே என்று மென்று விழுங்கிக் காரணத்தைச் சொன்னேன். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"தெனம் கோயிலுக்குள்ள போறீங்களே சார், அப்ப மட்டும் இதை வீட்ல வெச்சுட்டா போறீங்க?"

மறுநாள் புதிதாக எடுத்த டப்பாவோடு ராஜகோபுரத்து வழியாக நேரே போனேன். கோபுரம் தன்பாட்டுக்கு நின்றது.

சோதனையில் ரத்தம் இருந்தது. மூல நோயாகவும் இருக்கலாம், உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். வேலூர் ஆஸ்பத்திரியில் பேதி மருந்து குடிக்க வைத்து, மறுநாள் மயக்கத்தில் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வேர்க்கடலை அளவில் சதை வளர்ச்சி. அப்போதே எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம். மாடியில் நின்று மலையிடம் பேரம் பேசினேன்: மகள் கல்யாணம் வரைக்குமாவது. உச்சியில் மேகம் வந்து வந்து போனது.

புற்றுநோய் இல்லை. விட்டுவைத்திருந்தால் சில வருடங்களில் அதுவாக மாறியிருக்கலாம் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்தேன். சர்க்கரை இல்லாத டீதான், அப்படி இனித்தது.

ஊர் திரும்பியதும் லேபுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் சிரித்திருக்காவிட்டால், அந்த வெட்கத்தோடு வீட்டுக்குத் திரும்பி அப்படியே விட்டிருப்பேன். உயிரைவிட வெட்கத்தைப் பத்திரமாகப் பொத்திவைக்கத் தெரிந்திருந்தது எனக்கு; அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"வீட்ல அக்காவுக்கு என்ன வயசு சார்?" என்றார். மனைவிக்கு நாற்பத்தேழு என்றேன். மேசைக்கடியிலிருந்து புது டப்பா ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"கோபுரத்து வழியாவே வந்துடுங்க."